வாய் கொப்பளித்தால் போகாத புகை

சாதாரண தர வகுப்பில் விஞ்ஞானம் படித்த பலருக்கு இந்தச் செய்முறை ஞாபகம் இருக்கும். சுத்தமான குச்சியொன்றால் கன்னத்தின் உட்புறத்தை மெதுவாக வழித்து, அதைக் கண்ணாடி வழுக்கியில் பூசி, மெதிலீன் நீலம் ஒரு துளி விட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்போம். ஒழுங்கில்லாத ஓரங்களைக் கொண்ட தட்டையான கலங்கள் தெரியும். ஒவ்வொன்றின் நடுவிலும் கடும் நீலத்தில் ஒரு புள்ளி இருக்கும். அதுதான் கரு.

முப்பது வருடங்களுக்கு மேலாக நான் இதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியிருக்கிறேன். பெரும்பாலும் எனது கன்னத்திலிருந்தே கலங்களை எடுப்பேன். அப்படியான ஒரு நாளில் முன்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் கேட்டான்:

"சேர், சிகரட் குடிக்கிற ஆக்கள்ட கலமும் இப்படித்தான் இருக்குமா?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. இடைவேளையில் நான் எங்கே போய் வருகிறேன் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவன் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டான். "அடுத்த பாடத்துல சொல்றன்" என்றேன். சொல்லவே இல்லை. அந்தக் கேள்விக்கான பதிலை நான் தேடிப் படித்தது பல வருடங்களின் பின், என்னுடைய கன்னத்திலேயே ஒரு வெள்ளைத் திட்டு வந்த பிறகுதான்.

அந்த மாணவனுக்கு இப்போது பிள்ளைகள் இருப்பார்கள். அவனுக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

நோகாத திட்டு

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், கடைவாய்ப் பல்லொன்று ஆடுகிறது என்று அரச வைத்தியசாலையின் பல் வைத்தியப் பிரிவுக்குப் போயிருந்தேன். பல் வைத்தியர் ஓர் இளம் பெண். பல்லைப் பார்த்தவர், சிறிய கண்ணாடியால் எனது கன்னத்தை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, வாயின் ஓரத்துக்குச் சற்று உள்ளே நெடுநேரம் பார்த்தார்.

"சேர், இந்த இடத்துல நோவு ஏதும் இருக்கா?"

"இல்ல டொக்டர்."

"எரிவு? காரம் சாப்பிடக்குள்ள?"

"ஒண்டுமில்ல."

ஒரு துணித்துண்டால் அந்த இடத்தைத் துடைத்துப் பார்த்தார். பால் குடிக்கும் குழந்தைகளின் நாக்கில் படியும் வெள்ளையைப் போல அது துடைத்தால் போகவில்லை. எத்தனை வருடமாகப் புகைக்கிறேன், வெற்றிலை போடுவேனா என்றெல்லாம் கேட்டார். பிறகு அதிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். நான் தயங்கினேன். நோகாத ஒன்றுக்கு எதற்காக வெட்ட வேண்டும் என்று கேட்டேன்.

"நோகாதபடியாத்தான் சேர் ஆக்கள் வராம விடுறாங்க. நோகத் தொடங்கின பிறகு வாறவங்களுக்கு எங்களால செய்ய ஏலுமானது குறைவு."

அறிக்கை வந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் கலங்களின் அமைப்பில் சிறிதளவு மாற்றம் தொடங்கியிருக்கிறது என்று எழுதப்பட்டிருந்தது. ஆங்கில மருத்துவத்தில் இதை டிஸ்பிளேசியா என்பார்கள். "இது அந்தப் பாதையில முதலாவது அடி சேர். இங்கிருந்து திரும்பி வர ஏலும்" என்றார் அந்தப் பிள்ளை.

விஞ்ஞானம் படிப்பித்த எனக்கு எனது வாய்க்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் போய்விட்டதே என்ற வெட்கத்தோடு வீட்டுக்கு வந்து படிக்கத் தொடங்கினேன்.

வாயின் உட்தோல்

நமது கன்னத்தின் உட்புறம், நாக்கின் கீழ்ப்பகுதி, உதட்டின் உட்புறம் எல்லாவற்றையும் மூடியிருப்பது மேலணி இழையம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட கலங்களால் ஆனது. கன்னத்தில் ஏறக்குறைய நாற்பது, ஐம்பது அடுக்குகள் வரை இருக்கும்.

இந்த அடுக்குகளில் பிரிந்து பெருகும் வேலை பெரும்பாலும் அடியில்தான் நடக்கிறது. அடி அடுக்கிலுள்ள கலம் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அங்கேயே தங்குகிறது. மற்றது மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. மேலே போகப் போகத் தட்டையாகி, கடைசியில் உதிர்ந்து உமிழ்நீரோடு கலந்துவிடுகிறது. அடியில் பிறந்த ஒரு கலம் மேலே வந்து உதிர்வதற்கு ஒன்று முதல் மூன்று வாரங்கள் எடுக்கும். நாம் வகுப்பில் குச்சியால் வழித்து எடுப்பவை இவ்வாறு உதிரத் தயாராக இருக்கும் கலங்கள்தான்.

சூடான தேநீர், முள், காரம், பல் கடி என்று எத்தனையோ துன்பங்களைத் தாங்கும் வாய் சில நாட்களில் ஆறிவிடுவது இதனால்தான். இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய நன்மையும் ஓர் ஆபத்தும் இருக்கின்றன. மேலே உள்ள கலத்துக்கு என்ன சேதம் ஏற்பட்டாலும் அது உதிர்ந்து போய்விடும். இது நன்மை. ஆனால் அடியில் தங்கிவிடும் தாய்க் கலத்துக்குச் சேதம் ஏற்பட்டால், அதிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு கலமும் அந்தச் சேதத்தைக் கொண்டே பிறக்கும். இது ஆபத்து.

புகைக்கின்ற நம்மவர்கள் பலர் மனதில் ஓர் ஆறுதல் வைத்திருக்கிறார்கள். நானும் வைத்திருந்தேன். நாளைக்கு ஐந்து நேரம் வுழூ செய்கிறோம், ஒவ்வொரு முறையும் மூன்று தரம் வாய் கொப்பளிக்கிறோம், மிஸ்வாக் செய்கிறோம், ஆகவே வாய் சுத்தமாகத்தானே இருக்கிறது என்பது அந்த ஆறுதல். தண்ணீர் மேலே படிந்ததைக் கழுவும். உதிரவிருக்கும் கலங்களை அகற்றும். வாடையைக் கொஞ்சம் குறைக்கும். அடி அடுக்குக்குள் போய்விட்டதை அதனால் எடுக்க முடியாது.

அவ்வளவு ஆழத்துக்குப் புகை போகுமா என்று கேட்கலாம். நெஞ்சுவலிக்காரர்கள் நாக்கின் கீழே வைக்கும் சிறிய மாத்திரையை நினைத்துப் பாருங்கள். அதை விழுங்குவதில்லை. நாக்கின் கீழுள்ள மெல்லிய மேலணியை ஊடுருவி, சில நிமிடங்களில் அது இரத்தத்துக்குப் போய்விடுகிறது. மருந்துக்குத் திறக்கும் அதே கதவு புகையிலுள்ள இரசாயனங்களுக்கும் திறந்தே இருக்கிறது. அவை உமிழ்நீரில் கரைந்து வாயின் தரைப்பகுதியில் தேங்குகின்றன. நாக்கின் ஓரங்களும் நாக்கின் கீழ்ப்பகுதியும் புற்றுநோய் வரக்கூடிய முக்கிய இடங்களாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புகைக்குக் கலங்கள் காட்டும் பதில்

சிகரட் புகையில் 7,000க்கும் மேற்பட்ட இரசாயனப் பொருட்கள் உள்ளன. அவற்றில் ஏறக்குறைய 70 பொருட்கள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. பிரேதங்களைப் பழுதடையாமல் வைக்கப் பயன்படும் போமல்டிஹைட், பெற்றோலில் உள்ள பென்சீன், புகையிலை இலையைப் பதப்படுத்தும்போதே உருவாகும் நைட்ரோசமின்கள், எரியும் பொருட்களின் கரிப்புகையில் இருக்கும் பென்சோபைரீன் ஆகியவை அவற்றில் சில. இவற்றோடு சூடும் வறட்சியும் சேர்ந்து வருகின்றன.

கலங்கள் முதலில் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும். மண்வெட்டி பிடிப்பவரின் உள்ளங்கை எப்படிக் காய்த்துப் போகிறதோ அப்படித்தான் இதுவும். கன்னத்தின் உட்புறம் இயல்பாக மென்மையானது. உள்ளங்கைத் தோலில் இருக்கும் கெரட்டின் என்ற கடினமான புரதம் அங்கே மேற்பரப்பில் படிவதில்லை. புகை தொடர்ந்து படும்போது அந்தக் கலங்களும் கெரட்டினை உண்டாக்கத் தொடங்குகின்றன. அடுக்கு தடிக்கிறது. கெரட்டின் உமிழ்நீரில் ஊறும்போது வெள்ளையாகத் தெரியும். நெடுநேரம் தண்ணீரில் நின்றவரின் பாதம் வெளுத்துத் தெரிவது போல. எனது கன்னத்தில் இருந்த வெள்ளைத் திட்டு இதுதான். வைத்தியர்கள் இதற்கு லியூகோபிளேக்கியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இப்படியான எல்லாத் திட்டும் புற்றுநோயாக மாறுவதில்லை. எது மாறும், எது மாறாது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஒரு துண்டு வெட்டிப் பார்க்கிறார்கள். வெள்ளையைவிடச் சிவப்புத் திட்டு இன்னும் ஆபத்தானது.

சிலருக்கு முரசு கறுத்துப் போகும். புகை படும்போது நிறத்தை உண்டாக்கும் கலங்கள் கூடுதலாக வேலை செய்வதே காரணம். பீடி, சுருட்டு, பைப் புகைப்பவர்களில் சிலருக்கு மேலண்ணம் வெளுத்து, அதில் சிறு சிறு சிவப்புப் புள்ளிகள் தோன்றும். உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் வீங்கிச் சிவந்திருப்பதுதான் அந்தப் புள்ளிகள்.

இன்னொரு ஏமாற்றமும் இருக்கிறது. புகைப்பவரின் முரசில் நோய் இருந்தாலும் அவ்வளவாக இரத்தம் கசியாது. புகை அங்குள்ள சிறு இரத்தக் குழாய்களைப் பாதித்து இரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடுகிறது. எனக்குப் பல் துலக்கும்போது ஒருநாளும் இரத்தம் வந்ததில்லை. எனது முரசு நல்ல பலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே எலும்பு கரைந்து பல் ஆடத் தொடங்கிய பிறகுதான் உண்மை தெரிந்தது.

அடி அடுக்கில் நடப்பது

இதுவரை சொன்னவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிபவை. தெரியாமல் நடப்பதுதான் முக்கியமானது.

பென்சோபைரீனை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அது தண்ணீரில் கரையாது. கரையாத பொருளை வெளியேற்றுவதற்காக நமது கலங்களிலுள்ள நொதியங்கள் அதை மாற்றியமைக்கப் பார்க்கின்றன. நஞ்சை அகற்ற அல்லாஹ் உடலில் வைத்திருக்கும் ஏற்பாடு அது. ஆனால் இந்தப் பொருளின் விடயத்தில், மாற்றியமைக்கும்போது இடையில் உருவாகும் வடிவம் முன்னதைவிட ஆபத்தானது. அது கலத்தின் கருவுக்குள் சென்று டீ.என்.ஏ. உடன் ஒட்டிக்கொள்கிறது.

கலம் அதையும் விட்டுவிடுவதில்லை. சேதமான பகுதியை வெட்டி எடுத்துச் சரியான பகுதியை வைத்துத் தைக்கும் நொதியங்களும் உள்ளே இருக்கின்றன. ஆனால் திருத்தி முடிவதற்கு முன் கலம் பிரியத் தொடங்கினால் பிழை அப்படியே பிரதி எடுக்கப்பட்டுவிடும். பிழையான ஓர் எழுத்தோடு அச்சுக்குப் போன பாடப்புத்தகம் போல, அதன் பிறகு வரும் பிரதிகள் எல்லாவற்றிலும் அந்தப் பிழை இருக்கும். இதைத்தான் விகாரம் என்கிறோம்.

ஒரு பிழையால் புற்றுநோய் வந்துவிடாது. நமது கலங்களில் பி53 என்றொரு பரம்பரையலகு இருக்கிறது. டீ.என்.ஏ. சேதமடைந்தால் கலப்பிரிவை நிறுத்தி வைப்பதும், திருத்தவே முடியாது என்றால் அந்தக் கலத்தைச் சாகச் செய்வதும் அதன் வேலை. வீட்டுக்குக் காவலாளி போல. புகையிலுள்ள பொருட்கள் அந்தக் காவலாளியையே தாக்குகின்றன. பென்சோபைரீனிலிருந்து உருவாகும் அந்தப் பொருள் பி53இல் எந்தெந்த இடங்களில் ஒட்டுகிறது என்பதை 1996ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். புகைப்பவர்களின் நுரையீரல் புற்றுநோய்க் கலங்களில் பி53 பழுதடைந்திருக்கும் இடங்களும் அவையாகவே இருந்தன. வாய்ப் புற்றுநோயிலும் மிக அதிகமாகப் பழுதடைந்து காணப்படுவது இதே பி53தான்.

காவலாளி இல்லாத வீட்டில் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. அடி அடுக்கில் ஒழுங்கு குலைகிறது. கலங்களின் கரு பெருக்கிறது. மேலே போக வேண்டியவை போகாமல் அங்கேயே பெருகுகின்றன. இந்த நிலை எனது அறிக்கையில் சிறிதளவாக எழுதப்பட்டிருந்தது. அது மேலும் வளர்ந்து, அடியிலுள்ள எல்லைச் சவ்வை உடைத்துக்கொண்டு கீழே இறங்கினால் அதற்குப் பெயர் புற்றுநோய்.

திட்டு இருக்கும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால் போதாதா? 1953இல் ஸ்லாட்டர் என்ற அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணரும் அவரது சகாக்களும் 783 வாய்ப் புற்றுநோயாளிகளை ஆராய்ந்தார்கள். கட்டியைச் சுற்றி, பார்வைக்கு நன்றாகத் தெரிந்த மேலணியிலும் மாற்றமடைந்த கலங்கள் இருந்தன. புகை ஓர் இடத்தில் மட்டும் படுவதில்லை, முழு வாயிலும் படுகிறது. ஒரு வயலில் ஓர் இடத்தில் களை முளைத்தால், விதை அந்த ஓரிடத்தில் மட்டும் விழுந்திருக்கிறது என்று விவசாயி நினைப்பதில்லை. ஒரு திட்டை வெட்டி எடுத்துவிட்டுத் தொடர்ந்து புகைப்பதில் பயனில்லை என்பது இதனால்தான்.

மாணவனின் கேள்விக்குப் பதில்

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். பாடசாலை நுணுக்குக்காட்டியில், மெதிலீன் நீலத்தில் பார்த்தால் எனது கலமும் அவனது கலமும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் தெரியும். அன்று நான் "வித்தியாசம் தெரியாது" என்று சொல்லியிருந்தால் அது பொய்யாகியிருக்காது. ஆனால் முழு உண்மையும் ஆகியிருக்காது.

ஆய்வுகூடங்களில் டீ.என்.ஏ. மட்டும் நிறமேறும்படி விசேட சாயம் இட்டு ஆயிரக்கணக்கான கலங்களைப் பார்ப்பார்கள். சில கலங்களில் பெரிய கருவுக்குப் பக்கத்தில் மிகச் சிறிய இன்னொரு கரு தெரியும். இதை நுண்கரு என்கிறார்கள். அடி அடுக்கில் கலம் பிரியும்போது நிறமூர்த்தம் உடைந்து, உடைந்த துண்டு பிரதான கருவோடு சேர முடியாமல் தனித்து நின்றதால் உருவானது அது. அதிகமாகப் புகைப்பவர்களிடமும், புகையிலை சேர்த்து வெற்றிலை போடுபவர்களிடமும் இந்த நுண்கருக்கள் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

உதிர்ந்து வரும் அந்தக் கலம், ஓரிரு வாரங்களுக்கு முன் அடியில் நடந்ததற்குச் சாட்சி. ஆகவே மகனே, நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும், சரியாகப் பார்த்தால் ஒன்று போல இருக்காது.

நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானங்கள்

"நான் புகையை உள்ளே இழுப்பதில்லை, வாயில் வைத்து விட்டுவிடுவேன்." சுருட்டுக் குடிப்பவர்கள் அதிகம் சொல்வது இது. நுரையீரலுக்குக் கொஞ்சம் குறைவாகப் போகலாம். வாய்க்கோ அது அங்கேயே தங்கி நிற்கிறது.

"பில்டர் இருக்கிறது." வாயுக்களும் மிக நுண்ணிய துணிக்கைகளும் பில்டரைத் தாண்டி வருகின்றன. பில்டர் உள்ள சிகரட்டைக் குடித்தவர்களுக்கும் இந்த நோய்கள் வந்திருக்கின்றன.

"ஷீஷா தண்ணீருக்குள்ளால் வருகிறது." தண்ணீர் புகையைக் குளிர்விக்கும். கழுவாது. குளிர்ந்திருப்பதால் இளைஞர்கள் இன்னும் ஆழமாகவும் நெடுநேரமும் இழுக்கிறார்கள். இலத்திரனியல் சிகரட்டில் நஞ்சு சிகரட்டை விடக் குறைவாக இருக்கலாம். ஆனால் அதன் ஆவியிலும் போமல்டிஹைட் இருக்கிறது, நிக்கொட்டினுக்கு அடிமையாக்கும் வேலையையும் அது செய்கிறது.

"நான் சிகரட் மட்டும்தான், வெற்றிலை எப்போதாவது." இதில் மிகுந்த கவனம் தேவை. இலங்கையில் ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது உதடு, வாய், தொண்டை சார்ந்த புற்றுநோய்கள்தான். அதற்குப் பெரிய காரணம் புகையிலை சேர்ந்த வெற்றிலையும் பாக்கும். புகையிலை சேராத பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் அறிவித்தது. புகைப்பது மாத்திரமே வாய்ப் புற்றுநோய்க்கான ஆபத்தைப் புகைக்காதவரை விட ஏறக்குறைய மூன்று மடங்காக்குகிறது. வலீமா வீட்டில் சாப்பிட்டு முடித்து, ஒரு வாய் வெற்றிலை போட்டு, அதற்கு மேல் ஒரு சிகரட்டையும் பற்ற வைக்கும் நமது பழக்கத்தில் இரண்டு ஆபத்துகளும் ஒன்றையொன்று பெருக்குகின்றன.

நோன்பு எனக்குக் காட்டியது

என்னால் சிகரட்டை விட முடியாது என்று நான் இருபத்தைந்து வருடங்களாக மனைவியிடம் சொல்லி வந்தேன். ஒவ்வொரு ரமழானிலும் பதின்மூன்று மணித்தியாலங்களுக்கு மேல் ஒரு சிகரட்டும் இல்லாமல் இருந்துகொண்டுதான் அப்படிச் சொன்னேன். நோன்பு திறந்து, பேரீச்சம்பழம் தொண்டையில் இறங்கும் முன்பே கை சட்டைப் பையைத் தேடும். பகல் முழுக்கப் பிழைத்துக்கொண்ட கலங்களுக்கு மஃரிபுக்கும் தராவீஹுக்கும் இடையில் மூன்று சிகரட் கொடுத்துவிடுவேன்.

அறிக்கை கிடைத்தது ஷஃபான் மாதத்தில். அந்த ரமழானில் பகலில் விட்டதை இரவிலும் விட்டேன். முதல் வாரம் மிகவும் கஷ்டம். எரிச்சல், தூக்கமின்மை, வீட்டில் யாரைக் கண்டாலும் கோபம். பெருநாள் அன்று ஒரு நண்பரின் வீட்டில் மீண்டும் ஒன்று குடித்தேன். அதை மறைக்காமல் சொல்கிறேன். ஒரு தடவை வழுக்கியவர் எல்லாம் போய்விட்டது என்று நினைத்துவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அடுத்த நாள் மறுபடியும் விட்டேன். அதன் பிறகு இல்லை.

விட்டால் வாயில் என்ன நடக்கும்? மேல் அடுக்குகள் சில வாரங்களில் புதிதாகின்றன. சுவை திரும்புகிறது. உம்மா சமைத்த புளியாணத்தின் வாசம் எனக்கு மறுபடி தெரிந்தது அந்த நாட்களில்தான். முரசுக்கு இரத்த ஓட்டம் திரும்பும்போது சிலருக்கு இரத்தம் கசியலாம். அதைக் கண்டு பயந்து மீண்டும் புகைக்கத் தொடங்கக்கூடாது, முரசு உயிர் பெறுகிறது என்று எடுத்துக்கொண்டு பல் வைத்தியரிடம் போக வேண்டும். புகையால் வந்த வெள்ளைத் திட்டுகள் பலருக்குச் சில மாதங்களில் மங்குகின்றன, சிலருக்கு முற்றாக மறைகின்றன. விட்டு 5 முதல் 10 வருடங்களுக்குள் வாய், தொண்டைப் புற்றுநோய்க்கான கூடுதல் ஆபத்து பாதியாகக் குறைகிறது.

அடி அடுக்கில் ஏற்கெனவே ஏற்பட்ட விகாரங்கள் எல்லாம் அழிந்துவிடுமா? அழியாது. ஆனால் பாதிக்கப்படாத தாய்க் கலங்களும் அங்கே மிச்சம் இருக்கின்றன. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, புகைத்தலை விட்டவர்களின் மூச்சுக்குழாயில் ஏறக்குறையப் பழுதில்லாத கலங்கள், தொடர்ந்து புகைப்பவர்களில் இருப்பதைவிட நான்கு மடங்கு அதிகமாக இருப்பதைக் காட்டியது. நஞ்சு நின்றவுடன் நல்ல கலங்கள் இடத்தைத் திரும்பப் பிடிக்கின்றன. அது வாயில் செய்யப்பட்ட ஆய்வு அல்ல. ஆனாலும் மேலணி தன்னைத் திருத்திக்கொள்ள எப்படிப் போராடுகிறது என்பதை அதில் கண்டேன்.

எனது திட்டு எட்டு மாதங்களில் பெரும்பாலும் மங்கிவிட்டது. ஆறு மாதங்களுக்கு ஒரு தடவை போய்க் காட்டுகிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த நாற்காலியில் இருக்கும்போது நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது.

கண்ணாடிக்கு முன் இரண்டு நிமிடம்

நுரையீரலை நாம் பார்க்க முடியாது. ஈரலைப் பார்க்க முடியாது. வாயைப் பார்க்கலாம். ஒரு கண்ணாடியும் ஒரு டோர்ச் வெளிச்சமும் போதும். கட்டுப்பல் இருந்தால் கழற்றிவிடுங்கள். உதடுகளை விரித்து உட்புறத்தையும், கன்னங்களை ஒதுக்கி இரு பக்கங்களையும் பாருங்கள். நாக்கை நீட்டி அதன் இரு ஓரங்களையும், மேலே தூக்கி அதன் கீழ்ப்பகுதியையும், தலையைச் சாய்த்து அண்ணத்தையும் பாருங்கள். துடைத்தால் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரங்களில் ஆறாத புண், தடிப்பு, விறைப்பு, வாயை முன்னர் போலத் திறக்க முடியாமை, இவற்றில் எது இருந்தாலும் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் பல் வைத்தியப் பிரிவுக்குப் போங்கள். காசு தேவையில்லை. நோகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலானோரைக் காப்பாற்ற முடிகிறது. பிந்திப் போனால் தாடையையும் நாக்கையும் கொடுத்தும் உயிரைக் காப்பாற்ற முடியாமல் போகிறது.

நமது வீடுகளிலும் ஊரிலும் இருப்பவர்களிடம் இன்னொன்று கேட்கிறேன். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரட் விற்பது குற்றம். ஆனால் பத்து வயதுப் பிள்ளையிடம் காசைக் கொடுத்து, "ஓடிப்போய் ரெண்டு சிகரட் வாங்கிட்டு வா மகன்" என்று அனுப்புபவர்கள் நாம்தான். அதைத் தூள் மிட்டாய் போல எண்ணிக் கொடுப்பவர்களும் நமது கடைக்காரர்கள்தான். நானும் அப்படி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் கன்னத்திலுள்ள கலங்கள் இன்னும் ஒரு பிழையும் எழுதப்படாத புதுப் புத்தகம்.

இன்றிரவு இஷா தொழுதுவிட்டு வந்ததும் கண்ணாடிக்கு முன்னால் வாயைத் திறந்து பாருங்கள். நீங்கள் புகைக்காதவர் என்றால், வீட்டில் புகைப்பவரை, அது வாப்பாவாக இருந்தாலும் காக்காவாக இருந்தாலும், பக்கத்தில் கூப்பிட்டு ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.